ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் தண்ணீர் விளையாட்டும்: கேள்வி பதில்

கேள்வி: என் மகன் ஓரிடத்தில் நிற்கவே மாட்டான். தண்ணீரில் இறங்கினால் மட்டும் அமைதியாகிவிடுகிறான். ஏன் மேடம்?

பதில்: தண்ணீர் உடம்பை எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. இறுக்கி அணைத்தால் சில குழந்தைகள் அடங்குவார்களே, அதே போலத்தான். கையை வீசினால் தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். தன் கை கால் எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தால் உடம்பு விறைத்துக்கொள்ளும். தெரபி குளங்களில் சுமார் 33 டிகிரி செல்சியஸ் வைப்பது அதற்காகத்தான்.

கேள்வி: நீச்சல் கற்றால் பேச்சு வந்துவிடுமா?

பதில்: அப்படி வாக்குக் கொடுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். தைவானில் 16 சிறுவர்களுக்கு 10 வாரம் நீச்சல் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. நீச்சல் திறன் கூடியது, பிறரோடு பழகும் விதத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நல்ல சேதி.

கேள்வி: மகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கண் அசந்தால் ஓடிவிடுகிறாள். நீச்சல் சொல்லிக்கொடுத்தால் ஆபத்து கூடாதா?

பதில்: சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் உயிரைப் பறிப்பதில் நீரில் மூழ்குவது முன்னணியில் இருக்கிறது. கை கால் வீசி நீந்தும் முறைகள் (ஸ்ட்ரோக்) எல்லாம் அப்புறம். விழுந்தால் மல்லாந்து மிதக்க, சுவர்ப்பக்கம் திரும்ப, விளிம்பைப் பிடித்து ஏற, இந்த மூன்றும் முதலில் வரட்டும். நன்றாகப் பழகியபின், போட்டிருக்கும் உடையோடும் பயிற்சியாளர் முன்னிலையில் பழக்குங்கள். ஓடிப்போகிற குழந்தை நீச்சலுடை மாற்றிக்கொண்டு போவதில்லை. காற்றடைத்த கைப்பட்டையை நம்ப வேண்டாம். நீச்சல் தெரிந்த பிறகும் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், கையில் போன் இல்லாமல். வலிப்பு உண்டென்றால் மருத்துவரைக் கேட்காமல் இறக்காதீர்கள்.

கேள்வி: குளத்துக்குப் போனாலே காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான்.

பதில்: கூரை போட்ட குளத்தில் எதிரொலி அதிகம். கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள், திறந்தவெளிக் குளம் என்றால் இன்னும் நல்லது. முதல் சில நாள் காலை நனைத்தால் போதும். இழுத்து இறக்கினால் அந்தப் பயம் போக மாதக்கணக்கில் ஆகும்.

கேள்வி: சர்ஃபிங் (பலகையில் அலைச்சறுக்கு), கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) எல்லாம் முடியுமா?

பதில்: முடியும். கலிபோர்னியாவில் இஸி பாஸ்கோவிட்ஸ் என்ற சர்ஃபர், ஆட்டிசம் உள்ள தன் மகன் அலைப்பலகையில் அமைதியானதைப் பார்த்து, மற்றக் குழந்தைகளையும் அப்படி அழைத்துப்போகத் தொடங்கினார். கயாக் என்றால் இருவர் அமர்வதாக எடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பழக்கிவிடுங்கள்; கரையில் அதைப் போடும்போதுதான் பல குழந்தைகள் முரண்டு பிடிக்கிறார்கள்.