மூன்று லிட்டர் ஆயிலும் ஒரு செயினும்: 1.3 டீசல் இன்ஜின் கேள்வி-பதில்

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று நம் சாலைகளில் ஓடும் பழைய டீசல் கார்கள் பலவற்றின் பானெட்டுக்குள் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். 2020-ல் பிஎஸ்6 என்ற புகை விதிமுறை வந்ததோடு இங்கே புது கார்களில் அதன் காலம் முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளைப் பற்றிக் கேள்விகள் மட்டும் குறையவில்லை. வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே.

ஸ்விஃப்டிலும் விஸ்டாவிலும் ஒரே இன்ஜின்தான் என்கிறார்கள். அப்படியானால் பார்ட்ஸ் மாற்றிப் போடலாமா? (ஈரோடு)

அடிப்படை ஒன்றுதான்: 1248 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, போர் 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம் ஷாஃப்ட், அவற்றைக் கிராங்க்கோடு இணைக்கும் டைமிங் செயின், இடைவெளியை ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட். அதனால் டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் என்ற வேலையே இதில் கிடையாது. அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டு வகை உண்டு. சாதாரண டர்போ உள்ளது 75 பிஎஸ் சக்தியும் 190 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தரும். இறக்கை நகரும் விஜிடி டர்போ உள்ளது 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர். எர்டிகா, எஸ்எக்ஸ்4, பிரெஸ்ஸா எல்லாம் இரண்டாவது வகை. டர்போ, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார்கள், இன்ஜின் மவுன்ட், இன்டேக் குழாய்கள் இவையெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். செயின், ராக்கர் ஆர்ம், டேப்பட் போன்ற உள் பாகங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும் என்றாலும் பார்ட் நம்பரைப் பார்க்காமல் வாங்கவேண்டாம்.

ஸ்விஃப்ட் டீசல், 1.4 லட்சம் கி.மீ. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நான்கைந்து நொடி கரகரவென்று சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது. 'செயின் என்றால் லைஃப் டைம், கவலை வேண்டாம்' என்கிறார் மெக்கானிக். (தர்மபுரி)

கவலைப்படுங்கள். இந்த இன்ஜினைக் கொல்வது அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்வதுதான்.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் அந்த ஆயில் வடிந்துபோயிருக்கும். அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து, அதற்கு வழிகாட்டும் கைடில் அடிக்கும். புது செயினில் அந்தத் தளர்வு மிகக் குறைவு என்பதால் காதில் விழாது. செயின் 'நீண்டுவிட்டது' என்று சொல்கிறோமே, இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள பின் தேய்கிறது. அத்தனை இணைப்பின் தேய்மானமும் கூடி மொத்த நீளமாகத் தெரிகிறது. டீசல் ஆயிலில் சேரும் கரி, அந்தப் பின்களுக்கு நடுவே அரைக்கும் பசைபோல வேலை செய்கிறது. பழைய ஆயிலிலேயே ஓட்டுகிறவர்களுக்கு செயின் சீக்கிரம் போவது இதனால்தான்.

இந்த இன்ஜினில் ஃபில்டரோடு சேர்த்து ஆயில் சுமார் மூன்று லிட்டர்தான். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது என்றால் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்று அர்த்தம். மீதியிருக்கும் ஆயிலே அத்தனை சூட்டையும் கரியையும் தாங்கவேண்டும்.

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஃபில்டர் தரமானதுதானா என்றும் பாருங்கள். மலிவான ஃபில்டராலும் சத்தம் வரலாம். ஆயிலும் நல்ல ஃபில்டரும் மாற்றிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் செயின் செட் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் குறியீடு வந்தால் கிராங்க்குக்கும் கேமுக்கும் உள்ள பொருத்தம் விலகியிருக்கிறது என்று பொருள். வயரிங்கிலும் சென்சாரிலும் குறையில்லை என்றால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டுகூடப் போகவேண்டாம்.

மாற்றும்போது செயினோடு டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட், முன் கிராங்க் ஆயில் சீல் எல்லாம் சேர்த்தே போடவேண்டும். செயினை மட்டும் மாற்றித் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் புதுசும் பழசாகிவிடும். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலையைக் கழுவச் சொல்லுங்கள். அதில் கசடு அடைத்திருந்தால் புது டென்ஷனருக்கும் ஆயில் போகாது. கேமையும் ஃப்ளைவீலையும் பூட்டும் டைமிங் பின்கள் உள்ள கடையில்தான் இந்த வேலையைக் கொடுக்கவேண்டும். பெயின்ட்டால் கோடு போட்டு மாட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா? (விருதுநகர்)

வேண்டாம். கிளட்சை விடும் நொடியில் வரும் உதறல் நேராகச் செயினுக்குப் போகிறது. அப்போது டென்ஷனரில் ஆயில் அழுத்தமும் இருக்காது. செயின் பல் தாவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். பல நேரம் வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்ம் முதலில் உடைந்து வால்வைக் காப்பாற்றிவிடும். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது, உடைந்த ராக்கரை மாற்றியபின் கம்ப்ரஷன் சோதிக்காமல் மூடவும் கூடாது. ஜம்பர் கேபிள் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள்.

இதே காரணத்துக்காக, மேட்டில் கியரை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். வண்டி நகர்ந்தால் இன்ஜின் தலைகீழாகச் சுற்றும், செயினின் தளர்ந்த பக்கம் மாறும். முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு சக்கரத்துக்குக் கட்டை, அதன்பின்தான் கியர்.

எர்டிகா டீசலில் ஏழு பேரோடு கொல்லிமலை ஏறும்போது பாதியில் இழுவை போய்விட்டது. இன்ஜின் விளக்கும் எரிந்தது. நிறுத்தி ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினால் சரியாகிறது, கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதேதான். டர்போ போய்விட்டது என்று புதிதாகப் போடச் சொல்கிறார்கள். (நாமக்கல்)

டர்போ உண்மையில் போயிருந்தால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணியதும் குணமாகாது. ஈசியூ ஏதோ ஒரு அளவு எல்லை தாண்டியதைப் பார்த்து, இன்ஜினைக் காக்கச் சக்தியைக் குறைத்திருக்கிறது. அதுதான் லிம்ப் மோடு. என்ன பிழைக் குறியீடு பதிவாகியிருக்கிறது என்று அழிப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

டர்போவின் காற்றழுத்தம் அதிகம் என்று வந்தால் விஜிடி இறக்கைகளில் கரி சேர்ந்து சிக்குகிறது. டர்போவின் ஆக்சுவேட்டர் கம்பியைக் கை வாக்குவம் பம்ப் வைத்து இழுத்துப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் முழுதும் நகர்ந்து, பிடித்த இடத்தில் நிற்கவேண்டும். நடுவில் திக்கினால் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பல வண்டிகளில் போதும். கம்பி நன்றாக நகர்கிறது என்றால் வாக்குவம் குழாய்களையும் அதைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டையும் பாருங்கள். விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய் வெடித்ததற்காக முழு டர்போவை மாற்றியவர்கள் உண்டு.

காற்றழுத்தம் குறைவு என்று வந்து, ஏற்றத்தில் கரும்புகையும் உஸ்ஸென்ற சத்தமும் இருந்தால், டர்போவிலிருந்து இன்டேக் வரை உள்ள குழாய்களில் எங்கோ கிழிசல். கிளாம்ப் இருக்கும் இடத்தின் அடிப்பக்கத்தில்தான் அது ஒளிந்திருக்கும். ஸ்மோக் டெஸ்ட் செய்தால் உடனே தெரியும். குழாயின் உள்ளே லேசாக ஆயில் படிந்திருந்தால் பயப்படவேண்டாம், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதரிலிருந்து வருவது அது. கவிழ்த்தால் ஒழுகும் அளவுக்கு இருந்தால் மட்டும் டர்போ சீலைச் சந்தேகியுங்கள்.

பி0401 வந்தால், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் பாதை பெரும்பாலும் அடைத்திருக்கும். வால்வைக் கழற்றி கார்பன் கிளீனரில் ஊறவைத்துத் தேய்த்து, புது கேஸ்கெட் போட்டு மாட்டலாம். வண்டியில் வைத்தபடியே ஸ்பிரே அடித்தால் உதிரும் கரி இன்ஜினுக்குள் போகும். ஈஜிஆரைத் தகடு வைத்து அடைக்கச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். புகை விதிமுறைக்கு எதிரானது, விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும்.

ஓட்டும் முறையும் முக்கியம். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இந்தச் சின்ன டர்போ முழுதாக விழிக்காது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 1400-ல் திணறவிட்டு மிதித்தால் கரிதான் அதிகமாகும். ஒரு கியர் குறைத்து 2000-க்கு மேல் வைத்து ஏறுங்கள்.

ஏசி போட்டால் காருக்குள் புகை நெடி. பானெட்டைத் திறந்தால் 'சஃப் சஃப்' என்று சத்தம், ஒரு இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாக இருக்கிறது. (திண்டுக்கல்)

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிகிறது. சிலிண்டரில் எரிந்த வாயு வெளியே வந்து, உறைந்து அப்படி ஆகிறது. நாளாக ஆகத் தார் இறுகி, இன்ஜெக்டரைப் பிடுங்கவே முடியாமல் போகும், இப்போதே செய்துவிடுங்கள். கழற்றியபின் வாஷர் உட்காரும் இடத்தைக் கட்டர் வைத்துச் சுத்தமாகச் சீவவேண்டும். அதைச் செய்யாமல் புது வாஷர் மட்டும் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடியும் கசியும். பழைய வாஷரைப் பழுக்கக் காய்ச்சிப் போடும் வழக்கம் இங்கே உதவாது. கிளாம்ப் போல்ட்டை டார்க் ரெஞ்ச்சில்தான் இறுக்கவேண்டும்.

வெயிலில் அரை மணி ஓடியதும் வண்டி திடீரென்று நின்றுவிடுகிறது. ஆறியதும் எதுவும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. (வேலூர்)

கிராங்க் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை முதலில் பாருங்கள். நின்ற நிலையில் செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருந்தால் சென்சார் அல்லது அதன் வயர். சூடாக இருக்கும்போதே சோதிக்கவேண்டும். ஆறியபின் எல்லாம் சரியாகக் காட்டும்.

டிசம்பர், ஜனவரியில் காலையில் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது, வெள்ளைப் புகை வருகிறது. கீழே கோயம்புத்தூர் போனால் ஒரு தொல்லையும் இல்லை. (ஊட்டி)

உங்கள் விவரிப்பே பாதி பதில். குளிரில் மட்டும் என்றால், ஸ்டார்ட் ஆகும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக். நான்கு இருக்கும்; சமவெளியில் இரண்டு செத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. மல்டிமீட்டரில் ஒவ்வொன்றும் ஒரு ஓம் அளவில் காட்டவேண்டும். முடிவில்லாத மின்தடை காட்டினால் அது எரிந்துவிட்டது. நான்கும் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மின்சாரம் தரும் ரிலேயைப் பாருங்கள். கழற்றும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும். முந்தைய நாளே திருகில் துருநீக்கும் ஆயில் விட்டு வையுங்கள். மசியாததை வலுவாகத் திருகினால் உடைந்து சிலிண்டர் ஹெட்டுக்குள் நின்றுவிடும், பிறகு ஹெட்டைக் கழற்றும் செலவு.

வெயிலிலும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்கவேண்டியிருந்தால் மட்டும் இன்ஜெக்டர் பக்கம் போங்கள். நான்கு ரிட்டர்ன் குழாய்களிலும் ஒரே அளவு பாட்டில் மாட்டி ஐடிலில் ஓடவிடுங்கள். ஒரு பாட்டிலில் மட்டும் மற்றவற்றைப்போல இரண்டு, மூன்று மடங்கு டீசல் சேர்ந்தால் குற்றவாளி அந்த இன்ஜெக்டர்தான். நான்கையும் மாற்றச் சொன்னால் இந்தப் பாட்டில்களைக் காட்டச் சொல்லுங்கள்.

நகர நெரிசலில் தினமும் ஏழெட்டு கி.மீ. மட்டும் ஓட்டுகிறேன். 10,000 கி.மீ.க்கு ஆயில் மாற்றினால் போதுமா? (சென்னை)

நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குப் போதும். சிக்னலிலும் நெரிசலிலும் ஊர்ந்து, தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் மட்டும் போகும் உங்கள் மாதிரி ஓட்டத்துக்கு 7,500 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். மாருதி வண்டிகளுக்குக் கையேடு சொல்வது 5டபிள்யூ-30. கெட்டியான ஆயில் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றாதீர்கள், காலையில் டென்ஷனரைப் போய்ச் சேர அதற்கு இன்னும் நேரமாகும். மாதம் இரண்டு முறை சமதரையில் நிறுத்தி, ஆஃப் பண்ணிப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.