ஒரு கண் நீலம், ஒரு கண் தேன் நிறம்: பூ விழுந்ததா, பிறவியா?

கேள்வி: வணக்கம் சார். விளாத்திகுளம் பக்கம் 15 கொடி ஆடு வைத்திருக்கிறேன். செம்போரை (வெள்ளையில் சிவப்பு தெளித்தது) ஆடு ஒன்று 2 மாதம் முன்பு இரட்டைக் குட்டி போட்டது. அதில் கிடாக்குட்டிக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கண் நீலம், மறு கண் தேன் நிறம். வியாபாரி பூ விழுந்த கண் என்று பாதி விலைக்குக் கேட்கிறார். புகையிலையை மென்று கண்ணில் துப்பினால் பூ கரையும் என்கிறார் என் மாமியார். துப்பலாமா? இந்தக் குட்டியை இனவிருத்திக்குப் பொலிகிடாவாக வைத்துக்கொள்ளலாமா? போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வணக்கம் அம்மா. முதலில் அந்தப் புகையிலை வேண்டவே வேண்டாம். நல்ல கண்ணில் துப்பினால் அதுவே புண்ணாகி, இல்லாத பூ உண்மையிலேயே விழுந்துவிடும். உப்பு, சுண்ணாம்பு என்று யார் எதைச் சொன்னாலும் அதே பதில்தான், இப்படிக் கைவைத்தியத்தில் கண் போன ஆடுகளைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப் போய்ச் சொல்கிறேன்.

போட்டோவில் பார்த்தவரை உங்கள் குட்டிக்கு இருப்பது நோய் இல்லை. கண்மணியைச் சுற்றி இருக்கும் வளையத்துக்கு நிறம் தருவது மெலனின் என்கிற நிறமி. தோலுக்கும் மயிருக்கும் கருப்பு, பழுப்பு நிறம் தருவதும் அதுவேதான். ஒரு கண்ணில் அது சேராமல் போனால் அந்தக் கண் நீலமாகத் தெரியும், ஆனால் உள்ளே நீலச் சாயம் எதுவும் கிடையாது, வெளிச்சம் சிதறுவதால் நமக்கு அப்படித் தெரிகிறது, வானம் நீலமாகத் தெரிகிற மாதிரி. உடம்பில் வெள்ளை அதிகம் உள்ள பிராணிகளில் இதைப் பார்க்கலாம், கொடி ஆடோ வெள்ளை உடம்பில் கருப்போ சிவப்போ தெளித்த இனம். நிறமி இல்லாததால் மட்டும் பார்வை குறையாது.

சந்தேகம் தீர நீங்களே பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அடியுங்கள். ஆட்டின் கண்மணி படுக்கை வசத்தில் நீள்சதுரமாக இருக்கும் அல்லவா, அது கருப்பாகத் தெளிவாகத் தெரிந்து, மேலே இருக்கும் படலம் கண்ணாடி போல இருந்தால் பிறவி நிறம்தான். பூ என்பது வேறு. கண்ணின் முன்பக்கமே பால் ஊற்றியது போல மங்கி, கண்மணியை மறைக்கும், கூடவே நீர் வடியும், பீளை தள்ளும், வெளிச்சம் பட்டால் ஆடு கண்ணை இடுக்கிக்கொள்ளும். உங்கள் பக்கம் சீமைக் கருவேல முள் குத்தி இப்படி ஆவது உண்டு, ஈ பரப்பும் தொற்று நோயிலும் வரும். நல்ல நிறத்தில் இருந்த கண் பிறகு நீலம் பூத்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். வீட்டில் மிச்சம் கிடக்கும் சொட்டு மருந்தை விட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் புண்ணும் இருந்தால் படலம் ஓட்டையாகிவிடும்.

காது கேட்குமா என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். வெள்ளைப் பூனையிலும் சில நாய்களிலும் நீலக் கண்ணோடு செவிடும் சேர்ந்து வருவது உண்மை, ஏனென்றால் காதுக்குள்ளும் அந்த நிறமி செல்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், காதை அசைத்துத் திரும்பினால் சரி.

அப்புறம் பொலிகிடா விஷயம். கண்ணைப் பார்த்துத் தள்ளாதீர்கள், தாயின் பாலைப் பாருங்கள், ஒவ்வொரு ஈத்திலும் இரட்டை போடுகிறதா, குட்டி சீராக எடை ஏறுகிறதா, இரண்டு விதையும் ஒரே அளவில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நிறம் குட்டிகளுக்கும் வரலாம், வந்தால் வரட்டும். நைஜீரியன் டுவார்ஃப் என்ற குள்ள ஆட்டினத்தில் நீலக் கண்ணைத் தேடி வாங்குகிறவர்களே இருக்கிறார்கள். ஆனால் 3 மாதத்திலேயே கிடாவைப் பிரித்துக் கட்டுங்கள், தாயோடும் உடன்பிறந்த பெட்டையோடும் சேரவே கூடாது. விற்பதாக முடிவு செய்தால் குத்துமதிப்பாகக் கொடுக்காமல் தராசில் ஏற்றி உயிர் எடைக்குக் கொடுங்கள், அப்போது கண்ணைக் காட்டி விலையைக் குறைக்க வியாபாரிக்கு வழியே இருக்காது.