பேர் தெரியாத கப்பல் கம்பெனியை நம்பிப் பணம் கட்டலாமா?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 70 வயதுச் சடங்கான பீமரத சாந்தி நல்லபடியாக முடிந்தது. அப்பச்சி, ஆத்தா, நாங்கள், தம்பி குடும்பம் என்று 7 பேர், சென்னையிலிருந்து இலங்கை போய்வரும் 4 இரவுக் கப்பல் பயணம் ஒன்று நவம்பர் கடைசியில் போக ஆசைப்படுகிறோம். போனில் வந்த விளம்பரத்தில் விலை மலிவாக இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனி பேரை யாரும் கேள்விப்பட்டதில்லை. நம்பலாமா? எந்த ரூம் எடுப்பது? ஆத்தாவுக்கு முழங்கால் வலி. தம்பி குழந்தைக்கு அப்போது 4 மாதம் ஆகியிருக்கும். வீட்டுப் பலகாரம் கொண்டுபோகலாமா?"

கம்பெனியைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் தேதியை மாற்றுங்கள்.

பெரும்பாலான கப்பல் கம்பெனிகள், ஏறும் நாளில் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. அதேபோல, பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரத்தைத் தொடும் கர்ப்பிணிகளையும் ஏற்றுவதில்லை. விளம்பரத்தில் இதெல்லாம் இருக்காது. நிபந்தனைத் தாளில் பத்தாவது பக்கத்தில் எங்கோ கிடக்கும். துறைமுக வாசலில் வைத்து இது தெரியவந்தால் தம்பி குடும்பம் கரையில் நிற்கும், கட்டிய பணமும் வராது. இன்னொன்று, கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். அதற்கும் கொஞ்சம் அவகாசம் தேவை.

அடுத்தது மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் பருவம். 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி நம் சீமை வரைக்கும் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய கப்பல் புயலுக்குள் போகாது, விலகித்தான் போகும். ஆனால் விலகினால் இலங்கை கிடையாது. நடுக்கடலில் சுற்றிவிட்டு சென்னைக்கே திரும்பலாம். பாதையை மாற்றும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்று நிபந்தனையில் கட்டாயம் எழுதியிருக்கும். அப்படி ஒரு ஊர் விட்டுப்போனால் அந்த ஊர்த் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரலாம். டிக்கெட் பணத்தை எதிர்பார்க்காதீர்கள். வானிலைதான் காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன ஒரு கப்பல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் வந்தும், அங்கே அரசு அனுமதி தராததால் பயணிகள் இறங்க முடியாமல் போயிற்று.

பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் வங்கக்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். குழந்தைக்கும் 7 மாதம் ஆகிவிடும். அந்த மாதங்களில் அந்தக் கம்பெனிக்குச் சென்னையிலிருந்து கப்பல் இல்லை என்றால் காத்திருங்கள். பருவத்துக்குத் தகுந்தபடி கப்பலை மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் மாற்றிக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம்தான்.

சரி, கம்பெனி. நீங்கள் பார்த்த விளம்பரத்தில் இருப்பது யாருடைய பெயர்? ஒரு கப்பல் டிக்கெட்டில் மூன்று பெயர்கள் இருக்கும்: டிக்கெட் விற்கிறவர், பயணத்தை நடத்தும் கம்பெனி, அப்புறம் கப்பல். பேரே கேள்விப்படாத கம்பெனி என்று என்னிடம் வருகிறவர்கள் பலரும் சொல்வது விற்கிற ஏஜெண்டின் பெயரைத்தான். கப்பல் ஊரறிந்த கப்பலாகவே இருக்கும். எதிர்மாறாகவும் நடக்கும். பெரிய பெயரை மேலே போட்டுவிட்டு, கப்பல் பெயரைக் கேட்டால் "அது பிறகு சொல்வோம்" என்பார்கள். கப்பல் பெயரைச் சொல்லாதவரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

கப்பல் பெயர் கிடைத்ததும் அதன் ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள். உலக அளவில் ஒவ்வொரு கப்பலுக்கும் தரப்படும் அடையாள எண் அது. 7 இலக்கம். நம் பக்கம் பெண் பார்க்கப் போனால் முதலில் என்ன கேட்கிறார்கள்? எந்தக் கோயில் (அதாவது எந்தக் குலப் பிரிவு), எந்த ஊர் என்றுதானே? பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான். கப்பலுக்கு அந்தக் கோயில் மாதிரிதான் இந்த எண். கப்பல் கை மாறும், பெயர் மாறும், கொடி மாறும், எண் மட்டும் உடைக்கப் போகிற நாள் வரை மாறாது. 2021 முதல் இந்தியாவில் ஓடும், கோர்டீலியா கம்பெனியின் எம்பிரஸ் கப்பல், 1990-இல் ராயல் கரீபியன் கம்பெனிக்காக நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டது. ஜலேஷ் க்ரூசஸ் 2019-இல் ஓட்டிய கர்ணிகாவும் 1990 கப்பல்தான். கிரவுன் பிரின்சஸ் என்று பிறந்து, நடுவில் பல பெயர்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தது. வீட்டில் வயதானவர்களைக் கேட்டால் சென்னை, சிங்கப்பூர் போன 'சிதம்பரம்' கப்பலைச் சொல்வார்கள். அதுவும் பிரான்ஸிலிருந்து பாஸ்டர் என்ற பெயரோடு வந்த கப்பல்தான். பழைய கப்பல் என்பது ஒரு குறையே இல்லை. கடைசியாக உலர்துறையில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலின் அடிப்பக்கத்தைப் பார்க்கும் இடம்) ஏற்றிப் பழுது பார்த்தது எப்போது என்பதுதான் கேள்வி. ஈக்வாசிஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு எண்ணைப் போட்டால் கப்பலின் வயது, கொடி, எந்த வகைப்பாட்டுச் சங்கம் (கப்பலின் உறுதியைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) சான்று தந்திருக்கிறது, துறைமுகச் சோதனைகளில் என்ன குறை கண்டார்கள் என்பதெல்லாம் வரும். ஒரு காபி குடிக்கிற நேரம்தான் ஆகும்.

கப்பல் சரியாக இருந்தாலும் பணம் யார் கையில் போகிறது என்பது தனி விஷயம். ஜலேஷ் 2019 ஏப்ரலில் தொடங்கி அடுத்த வருஷமே மூடியது. கர்ணிகா, குஜராத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் அலங்குக்குப் போய்விட்டது. அது புதுக் கம்பெனி என்று சொல்லலாம். ஆனால் ஸ்டார், டிரீம் என்று இரண்டு பெரிய பெயர்களை வைத்திருந்த கெண்டிங் ஹாங்காங் கம்பெனியும் 2022-இல் பணமில்லாமல் நொடித்துப்போனது. ஆகவே பெயரை நம்பிப் பயனில்லை, பணம் கட்டும் முறையில் ஜாக்கிரதையாக இருங்கள். தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், பயணம் நடக்காமல் போனால் வங்கியிடம் முறையிட ஒரு வழி இருக்கும். முன்பணம் கட்டியதும் வருகிற பதிவு எண்ணை வைத்துக்கொண்டு, ஏஜெண்டைக் கேட்காமல் கப்பல் கம்பெனிக்கே போன் செய்து "இந்த எண்ணில் எங்கள் 7 பேர் பெயரும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட ரசீதையும் பத்திரமாக வையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிவகங்கையில் மனுக் கொடுத்தால் போதும், மும்பைக்கு ஓட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கையில் ரசீது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலையைப் பொறுத்தவரை ஒரே கேள்வி: "7 பேருக்கும் வரி, துறைமுகக் கட்டணம், ஊழியர் டிப்ஸ் எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு?" இதை எழுத்தில் வாங்குங்கள். விளம்பர விலை என்பது இரண்டு பேர் ஒரு கேபினில் தங்கினால் ஒரு ஆளுக்கு ஆகும் விலை.

கேபின் விஷயத்தில் நான் சூடுபட்டவன். அம்மாவை முதல்முறை கப்பலில் அழைத்துப் போனபோது, மலிவு என்று எண் குறிப்பிடாத கேபின் எடுத்தேன். எது காலியோ அதை அவர்களே தருவார்கள். கிடைத்தது மூக்குப் பக்கம், கீழ் டெக். விடிகாலை துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் இறக்கினார்கள். தலைமாட்டிலேயே சங்கிலி கடகடவென்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "ஏதோ இடிஞ்சு விழுந்துருச்சுடா" என்று என் கையைப் பிடித்தவர், திரும்ப ஊர் வந்து சேரும்வரை சரியாகத் தூங்கவில்லை. மிச்சம் பிடித்தது என்னவோ சில ஆயிரம்தான்.

அதனால் பெரியவர்களுக்குக் கப்பலின் நீளத்தில் நடுவே, நடு உயர டெக்கில், எண்ணைக் குறிப்பிட்டு எடுங்கள். ஆட்டம் குறைவாக இருப்பது அங்கேதான், லிப்டும் பக்கம். கப்பலின் வரைபடத்தில் உங்கள் கேபினுக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல்குளமோ சாப்பாட்டு ஹாலோ இருந்தால் காலை 6 மணிக்கே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும். மேலேயும் கீழேயும் கேபின்களாக இருந்தால் நல்லது. ஜன்னல் இல்லாத உள் கேபினைப் பெரியவர்களுக்கு எடுக்காதீர்கள். விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. பால்கனி கட்டுப்படியாகவில்லை என்றால் ஜன்னல் கேபின் போதும். பிள்ளைகள் உள் கேபினில் இருந்துகொள்ளட்டும். நான்கு பேர் கேபினில் மூன்றாவது, நாலாவது படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல்தட்டு. அதில் ஏறச் சிறுவர்களால்தான் முடியும். எந்தக் கேபினும் உங்கள் வீட்டு முகப்புத் திண்ணை அளவுகூட இராது என்று அப்பச்சியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஆத்தாவின் முழங்காலுக்கு இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இலங்கையில் கப்பல் நேராகத் துறைமுக மேடையில் அணைகிறதா, அல்லது கடலில் நின்று சின்னப் படகில் இறக்குகிறார்களா? படகு என்றால் அலையில் ஏறி இறங்கும் தட்டிலிருந்து கால் வைக்க வேண்டும். ஆத்தாவுக்கு அது முடியாது, அந்த நாள் அவர் கப்பலிலேயே இருப்பது மேல். அடுத்து, சக்கர நாற்காலியைப் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள், துறைமுக வாசலில் கேட்டால் கிடைக்காது. குளியலறை வாசலில் ஒரு படி உயரம் இருக்கும். நிலைப்படி தாண்டிப் பழகிய கால்தானே என்று அசட்டையாக விட்டால் இரவில் இடறும். ஏறியதும் ஒரு பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்த வேண்டும் என்று விதி வந்தது. கால் வலி என்று ஊழியரிடம் சொன்னால் உதவுவார்கள். ஆனால் யாரும் போகாமல் இருக்கக் கூடாது.

குமட்டலுக்கு மாத்திரை, வந்த பிறகு போட்டால் பயனில்லை. வயிற்றில் தங்காது. முன்கூட்டியே போட வேண்டும். ஆனால் அவற்றில் பல தூக்கம் வரவழைக்கும், பெரியவர்களின் மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறை போகும் 'சிவகங்கை' படகில் (நம் மாவட்டத்துப் பெயர்தான்!) போய் ஒத்துக்கொள்ளாதவர்கள், பெரிய கப்பலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. அது சின்னக் கலம், நாலு மணி நேர ஓட்டம். பெரிய கப்பல்களில் ஆட்டத்தைத் தணிக்கப் பக்கவாட்டில் துடுப்புகள் உண்டு.

பயணக் காப்பீட்டில் கடல் பயணமும், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பி.பி.யும் அடங்குமா என்று பாருங்கள். கப்பல் டாக்டர் ஃபீஸ் அங்கேயே கட்ட வேண்டியது. கரை மறைந்ததும் எல்லார் போனையும் ஏர்பிளேன் மோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்து, ஊர் வந்த பிறகு பில் வரும்.

பல்லவன் ரயிலில் காலையில் ஏறி அன்றே கப்பலைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வண்டி எழும்பூர் சேரவே நண்பகல் ஆகிவிடும், கொஞ்சம் தாமதமானாலும் செக்-இன் மூடிவிடும். முந்தின நாளே போய் ஓர் இரவு தங்குங்கள்.

பலகாரத்துக்கு வருவோம். வீட்டில் செய்த சாப்பாட்டைப் பல கப்பல்கள் உள்ளே விடுவதில்லை. காரைக்குடிக் கடைகளில் சீல் வைத்த பாக்கெட்டில் கிடைக்கும் சீடை, தேன்குழல், மனகோலம் பெரும்பாலும் தடையில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கையில் இறங்கும்போது உணவுப் பொருளைக் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆத்தா சாமி விளக்கு ஏற்றுவார் என்றால் பேட்டரி விளக்கு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கேபினில் தீ, ஊதுபத்தி, கெட்டில், அயர்ன் பாக்ஸ் எதுவும் கூடாது. சீடை பாக்கெட்டையும் அப்பச்சியின் மாத்திரைகளையும் ஒரு மாற்று உடுப்பையும் கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கேபின் வாசலுக்கு வந்து சேர ராத்திரிச் சாப்பாட்டு நேரம்கூட ஆகலாம்.