ஜெபம் பண்ணியும் ஏன் இப்படின்னு கேக்குறாங்க

கேள்வி: ராணிப்பேட்டையில ஷூ கம்பெனில வேலை பாக்குறேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்குது. கேன்டீன்ல "உங்க இயேசு எங்கடா போனாரு"ன்னு கேக்கறப்ப வாயே திறக்க முடியல. தேவன் நடத்துறார்னு எப்படி நம்புறது?
– வாசகர், காட்பாடி

பதில்: தம்பி, அம்மாவ நெனச்சா மனசு கஷ்டமா இருக்குப்பா. சந்தேகம் வந்துட்டா விசுவாசம் போச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, மாற்கு 9:24ல பிள்ளைக்காக வந்த அப்பா விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி பண்ணும்னு ஒரே மூச்சுல அழுதாரு, இயேசு அவர திட்டல, பையன சொகமாக்கினாரு. நம்ம ஊரு ஐடா ஸ்கடர் அம்மாவ பாருங்க, டாக்டராகவே மாட்டேன்னு இருந்தவங்க, ஆம்பள டாக்டர் வேணாம்னு ஒரே ராத்திரில மூணு பொண்ணுங்க பிரசவத்துல செத்துப்போனப்ப தான் தேவன் கூப்பிடுறார்னு புரிஞ்சுக்கிட்டாங்க, 1900ல ஒத்த பெட்டோட ஆரம்பிச்சது தான் இன்னிக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அந்த சாவுங்க ஏன்னு எனக்கு இன்னிக்கும் விளங்கல, ஆனா அடுத்து எங்க போகணும்னு அவங்களுக்கு தெரிஞ்சுது. கேன்டீன்ல வாதாடி ஜெயிக்க வேணாம், 1 பேதுரு 3:15 சாந்தத்தோட பதில் சொல்லுன்னு தான் சொல்லுது, "ஏன்னு தெரியலண்ணா, ஆனா அவர் எங்க கூட இருக்காரு"ன்னு சொல்லுங்க போதும். டயாலிசிஸ் நாள்ல அம்மா பக்கத்துல உக்காந்து ஒரு சங்கீதம் வாசிங்க, ஆயர்கிட்ட மனசு விட்டு பேசுங்க, டயாலிசிஸ மட்டும் யார் சொன்னாலும் நிறுத்திடாதீங்க.