வயதான ஹாம்ஸ்டருக்குக் கூண்டை எப்படி மாற்றி அமைப்பது?

இரண்டு வயது தாண்டிய ஹாம்ஸ்டர் இரண்டு தட்டுக் கம்பிக் கூண்டில் வழுக்கி விழுகிறது, புதுக் கூண்டு வாங்கலாமா, சக்கரத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூண்டை மாற்றுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள்.

எங்கள் ஹாம்ஸ்டர் முந்திரி, சிரியன் இனம். இரண்டேகால் வயதில் ஒருநாள் மேல்தட்டிலிருந்து விழுந்தாள். நான் பயந்துபோய் அன்றைக்கே பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். பழைய காகிதத் துணுக்குகளைக் கொட்டிவிட்டு, தூங்கும் பெட்டி முதல் எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவி, புதிதாக நிரப்பி விட்டேன். அன்று இரவு முழுக்க அவள் தொட்டியின் சுவரை ஒட்டியே சுற்றிக்கொண்டிருந்தாள். தன் பெட்டியின் வாசலைத் தாண்டிப் போனாள், உள்ளே நுழையவில்லை. இளவயதிலேயே ஹாம்ஸ்டருக்குப் பார்வை மங்கல்தான். வயதானால் கண்புரையும் வரலாம். வாசனைதான் அதற்கு வழி காட்டும். அந்த வாசனையை நான் கழுவி ஊற்றியிருந்தேன். அவள் பழையபடி தூங்க நான்கு நாள் ஆயிற்று. இன்றும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

அதனால் புது இடத்தில் பழைய துணுக்குகளில் பாதியையாவது கலந்து போடுங்கள். பெட்டியைக் கழுவாமல் அப்படியே வையுங்கள். பெட்டி, தண்ணீர், சாப்பாடு, சக்கரம் எல்லாம் முன்பு எந்த மூலையில் இருந்தனவோ அதே மூலையில் இருக்கட்டும். பிறகும் மொத்தமாகச் சுத்தம் செய்ய வேண்டாம். சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் அள்ளி மாற்றினால் போதும். வயதானபின் சில ஹாம்ஸ்டர்கள் படுத்த இடத்திலேயே நனைத்துவிடும், அதனால் படுக்கை ஈரமா என்று தினமும் தொட்டுப் பாருங்கள்.

மேல்தட்டு, ஏணி, கம்பித் தரை எதுவும் வேண்டாம். ஒரே தளம், சுமார் 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம். ஒரு பாதியில் குழி தோண்ட ஆழமாக நிரப்புங்கள்; தோண்டுவது அதன் இயல்பு, கிழமானாலும் விடாது. பெட்டியும் சாப்பாடும் உள்ள பாதியில் மெல்லிய படுக்கை போதும், தளர்ந்த கால் புதையாது. இரண்டுக்கும் நடுவே சரிவாக இருக்கட்டும். பஞ்சு மட்டும் வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். நான் வாசனையில்லாத டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

தண்ணீர்ப் புட்டியின் மூக்கைத் தாழ்த்துங்கள், பக்கத்தில் தட்டையான பீங்கான் கிண்ணம் ஒன்றிலும் தண்ணீர் வையுங்கள். பெல்லட்டை (அழுத்திச் செய்த தீவனத் துண்டு) தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். மிச்சத்தைப் படுக்கையில் பதுக்கினால் புளித்துவிடும், காலையில் எடுத்துவிடுங்கள்.

சென்னை மாதிரி ஊர் என்றால் வெயிலையும் பார்க்க வேண்டும். 30 டிகிரிக்கு மேல் போனால் ஹாம்ஸ்டருக்கு ஆபத்து. வெறும் டைல்ஸ் துண்டு ஒன்றை உள்ளே வைத்தேன், மத்தியானம் அதன் மேல்தான் படுத்துக் கிடப்பாள். ஏசி காற்று நேராகப் படக் கூடாது.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்தாலும், ஒருநாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும், தலை ஒரு பக்கம் சாய்ந்தாலும், எலி, முயல் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் உடனே போங்கள்.

சரி, சக்கரம். அதாகவே ஏறி இறங்கும்வரை எடுக்க வேண்டாம். கம்பிச் சக்கரமாக இருந்தால் மட்டும், இடைவெளியில்லாத தளமுள்ள, 28 செ.மீ. விட்டம் உள்ளதாக மாற்றுங்கள். அடிப்பகுதி தரையோடு தரையாக இருக்க வேண்டும். முந்திரி கடைசி மாதங்களில் ஓடவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வந்து, ஏறி, நாலு எட்டு நடந்துவிட்டு இறங்கிப் போவாள்.