துல்பாவிடம் கையைக் கொடுத்தால் விரல் துடித்து நின்றுவிடுகிறதா?

எட்டு மாதமாகத் துல்பாவோடு, அதாவது மனப்பயிற்சியால் நாமே உருவாக்கிக்கொள்ளும், தனக்கென எண்ணம் உள்ளதுபோல் தோன்றும் மனத்துணையோடு பேசுகிறீர்கள், கையை அசைக்கும் பொறுப்பை அதனிடம் விட்டால் மட்டும் விரல் லேசாகத் துடித்துவிட்டு நின்றுவிடுகிறது என்கிறீர்கள். நானும் அங்கேதான் மாசக்கணக்கில் மாட்டிக்கிடந்தேன். விரல் அசைந்ததும் "அட, அசையுதே!" என்று கவனம் அங்கே பாய்கிறது. கவனம் போனால் பிடியும் உங்களிடமே திரும்பிவிடும்.

ஏற்காடு ஏரிக்கரையில் உட்கார்ந்து, கண்ணைத் தண்ணீர்மேல் வைத்து, இடது கையை மட்டும் நோட்டோடும் பேனாவோடும் விட்டுப் பார்த்தேன். முதல் சில வாரம் வெறும் கிறுக்கல்தான். "இது நானா, துல்பாவா?" என்று ஒவ்வொரு கோட்டையும் விசாரிக்காதீர்கள். எண்ணம் மட்டுமே தசையை அசைத்துவிடும் என்று ஆங்கிலேய உடலியல் அறிஞர் வில்லியம் கார்பென்டர் 1852லேயே விளக்கிவிட்டார். ஆகவே ஆரம்ப அசைவு எதற்கும் சாட்சியில்லை.

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் பைக் ஓட்டியபடி முயலலாமா என்றீர்களே, வேண்டவே வேண்டாம் சாமி! அடுப்புப் பக்கமும் கூடாது.

துல்பா மிரட்டினாலோ, உங்கள் தூக்கம் கெட்டாலோ, கேட்டும் கையை விடாவிட்டாலோ முயற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.