புயலில் கருகிய இட்லிப்பூச் செடி மறுபடி தழைக்குமா?

பெசன்ட் நகரில் புயலுக்குப் பிறகு இட்லிப்பூச் செடியின் இலையெல்லாம் பழுப்பாகிவிட்டது, வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே வெட்டாதீர்கள். கடற்காற்றோடு வந்து படிந்த உப்பு இலையின் ஈரத்தை உறிஞ்சியதால் வந்த கருகல் இது. கிளை பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

முதலில் நல்ல தண்ணீரில் இலை, தண்டு எல்லாம் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். தொட்டிச் செடி என்றால் அடித்துளையில் தண்ணீர் ஓடும்வரை இரண்டு மூன்று முறை ஊற்றுங்கள்.

3 வாரம் பொறுங்கள். பிறகு நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்த பழுப்பு என்றால், பச்சை தெரியும் இடம்வரை இறங்கி, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். துளிர் 2 அங்குலம் வளரும்வரை உரமே வேண்டாம். அடிபட்ட வேரில் யூரியா போட்டால் மிச்சமிருக்கும் வேரும் கருகும்.